சைக்கிள் கம்ப்யூட்டரில் அலர்ட்டும் ஒர்க்அவுட்டும்: முதல் முறை அமைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சைக்கிள் கம்ப்யூட்டரை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டியாயிற்று. வேகமும் தூரமும் காட்டுகிறது, போன பாதையைப் பதிவு செய்கிறது. இனி பயிற்சிக்கும் பயன்படுத்தலாமே என்று மெனுவுக்குள் போனால் அலர்ட், ஜோன், ஒர்க்அவுட், டார்கெட் என்று அடுக்கடுக்காக வந்து நிற்கும். கூடவே வரும் கையேடு, ஒவ்வொரு மெனுவும் என்ன செய்யும் என்று சொல்கிறது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. அந்த வரிசை பிடிபடுவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எப்போது சத்தம் போட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை நீங்கள் உள்ளே கொடுத்திருக்கும் எண்கள்தான். அவை தவறாக இருந்தால், எவ்வளவு பார்த்துப் பார்த்து அலர்ட் வைத்தாலும் தப்பான நேரத்தில்தான் அடிக்கும். அதனால் அலர்ட் மெனுவைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் வேலை இருக்கிறது. முதல் நான்கு படிகளும் அதைப் பற்றியவை. அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

கார்மின் எட்ஜ், வாஹூ எலமென்ட் என்று கருவிக்குக் கருவி மெனுவின் பெயரும் இடமும் மாறும். வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. எதற்குச் செலவு செய்யலாம், எது இப்போதைக்கு வேண்டாம்

நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். பயிற்சிக்கான சென்சார்களில் விலை குறைவாகவும் பயன் அதிகமாகவும் இருப்பது இதுதான். கைக்கடிகாரத்தின் அடியில் பச்சை வெளிச்சம் போட்டு அளக்கும் சென்சாரை நம்பி அலர்ட் வைக்க வேண்டாம். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும்போதும், சாலையின் அதிர்விலும், அந்த அளவீடு தாறுமாறாகப் போகும்.

அடுத்தது கேடன்ஸ் சென்சார். நிமிடத்துக்கு எத்தனை முறை பெடல் சுற்றுகிறீர்கள் என்று காட்டும் சின்னக் கருவி. பெடலைத் தாங்கும் கிராங்க் கையில் ரப்பர் பட்டையால் மாட்டிவிடலாம். இதுவும் பெரிய செலவு இல்லை.

எத்தனை வாட் பலத்தில் மிதிக்கிறீர்கள் என்று அளக்கும் பவர் மீட்டர்தான் விலை கூடியது. ஒரு பக்கக் காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டும் வகை, இரு பக்கமும் அளப்பதைவிட மலிவு. பயிற்சிக்கு அதுவே போதும். பவர் மீட்டரே இல்லாவிட்டாலும் இந்தக் கட்டுரையில் இருப்பதில் பெரும்பகுதியைச் செய்ய முடியும். முதல் சில மாதங்கள் ஹார்ட் ரேட்டை வைத்துப் பழகிவிட்டு, அப்புறம் பவர் மீட்டர் வாங்குவதே சரி என்பது என் எண்ணம்.

மாதச் சந்தா கேட்கும் பயிற்சிச் செயலிகள் பல உண்டு. தொடக்கத்தில் எதற்கும் பணம் கட்ட வேண்டாம். ஒர்க்அவுட்டை, அதாவது கட்டம் கட்டமாக நேரமும் இலக்கும் போட்ட பயிற்சித் திட்டத்தை, எழுதி அனுப்பும் வசதி கார்மின் கனெக்ட் போன்ற கம்பெனிச் செயலிகளிலேயே இலவசமாக இருக்கிறது. உங்கள் கருவியின் சொந்தச் செயலியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. சென்சார்களை இணைப்பது

பெரும்பாலான சென்சார்கள் ஏஎன்டி பிளஸ், புளூடூத் என்ற இரண்டு வயர்லெஸ் வழியிலும் பேசும். கருவி கேட்டால் ஏஎன்டி பிளஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சென்சாரின் ஏஎன்டி பிளஸ் சிக்னலை எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் கேட்கலாம். புளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு இணைப்புதான் பல சென்சார்களில் முடியும். போனில் உள்ள ஏதோ ஒரு செயலி ஹார்ட் ரேட் பட்டையை முன்னாலேயே பிடித்துக்கொண்டதால், கம்ப்யூட்டரில் வெறும் கோடு மட்டும் தெரிவது அடிக்கடி நடப்பது. அப்படி ஆனால் போனில் புளூடூத்தை அணைத்துப் பாருங்கள்.

ஹார்ட் ரேட் பட்டையின் உட்புறம் உள்ள ரப்பர் பகுதியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்டுங்கள். காய்ந்த பட்டை முதல் சில நிமிடங்களுக்கு இல்லாத துடிப்பையெல்லாம் காட்டும். அலர்ட்டும் அதற்கேற்ப அடித்துக்கொண்டே இருக்கும்.

பவர் மீட்டர் இருந்தால் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன், அளவீட்டைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தும் ‘கேலிபரேட்’ அல்லது ‘ஜீரோ ஆஃப்செட்’ கொடுக்க வேண்டும். சைக்கிளை வீட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்துவந்து, வெளி வெப்பநிலைக்கு வர 10 நிமிடம் விட்டு, பெடலில் கால் வைக்காமல் செய்யுங்கள். கிராங்க் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். அதன் கையேட்டில் இருக்கும்.

3. உங்கள் எண்களைக் கண்டுபிடிப்பது

இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முந்தைய நாள் கடினமாக ஓட்டியிருக்கக் கூடாது. சிக்னலும் இறக்கமும் இல்லாத, போக்குவரத்து குறைந்த ஒரு நீளமான சாலை வேண்டும், அல்லது வீட்டுக்குள் ட்ரெய்னர் (சைக்கிளை மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி). இதய நோய், நெஞ்சு வலி, மயக்கம் போன்ற தொந்தரவு முன்பு இருந்திருந்தால், டாக்டரிடம் கேட்காமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

ஹார்ட் ரேட்டுக்கு: 15 முதல் 20 நிமிடம் வார்ம் அப். அப்புறம் 30 நிமிடம், கடைசிவரை தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில், முழு மூச்சாக, தனியாக ஓட்டுங்கள். தொடங்கி 10 நிமிடம் ஆனதும் லேப் பட்டனை (பதிவைத் துண்டாகப் பிரிக்கும் பட்டன்) ஒருமுறை அழுத்துங்கள். மீதி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் உங்கள் லேக்டேட் த்ரெஷோல்ட் ஹார்ட் ரேட், அதாவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச முயற்சியில் இருக்கும் துடிப்பு.

பவருக்கு: வார்ம் அப் முடித்து, 5 நிமிடம் கடினமாக ஓட்டி, 10 நிமிடம் மெதுவாகச் சுற்றி, பிறகு 20 நிமிடச் சோதனை. அந்த 20 நிமிடச் சராசரியை 0.95 ஆல் பெருக்கினால் கிடைப்பது எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பவர். சராசரி 210 வாட் என்றால் எஃப்டிபி சுமார் 200 வாட். 20 நிமிடம் ஒரே சீராகத் தள்ளுவது பழக்கமில்லாதவர்களுக்குக் கஷ்டம். எதிர்ப்பைத் தானே மாற்றும் ஸ்மார்ட் ட்ரெய்னர் வைத்திருப்பவர்கள் ராம்ப் டெஸ்ட் செய்யலாம்: நிமிடத்துக்கு நிமிடம் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும், இனி முடியாது என்றதும் நிறுத்திவிடலாம், கடைசியில் கிடைத்த சிறந்த ஒரு நிமிடச் சராசரியில் 75 சதவீதத்தை எஃப்டிபி என்று எடுத்துக்கொள்வார்கள்.

220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கைப் பலரும் சொல்வார்கள். புதுக் கருவிகள் சில அதையே தாமாகப் போட்டும் வைத்திருக்கும். அது கூட்டத்தின் சராசரிக்கான கணக்கு. ஒரே வயதுள்ள இருவருக்கு உச்சத் துடிப்பு 20 வரைகூட வித்தியாசப்படலாம். அதை வைத்து அலர்ட் அமைத்தால், சுலபமாக ஓட்டும்போதே ‘அதிகம், அதிகம்’ என்று அடிக்கும். இல்லையென்றால் திணறும்போதுகூட வாயைத் திறக்காது.

4. ஜோன்களைப் பதிவு செய்வது

கிடைத்த எண்ணைக் கருவியில் போட்டால் ஜோன்களை, அதாவது எவ்வளவு கடினமாக ஓட்டுகிறீர்கள் என்பதைப் பிரித்துக் காட்டும் அடுக்குகளை, அதுவே கணக்கிட்டுவிடும். பவருக்குப் பரவலாகப் பயன்படுவது ஏழு ஜோன் முறை. எஃப்டிபியில் 55 சதவீதத்துக்குக் கீழே முதல் ஜோன்; 56–75 இரண்டாவது; 76–90 மூன்றாவது; 91–105 நான்காவது; 106–120 ஐந்தாவது. அதற்கு மேலே உள்ள இரண்டும் குறுகிய பாய்ச்சல்களுக்கானவை, இப்போது தேவையில்லை.

ஹார்ட் ரேட் ஜோன் போடும்போது கவனம். ‘உச்சத் துடிப்பில் சதவீதம்’, ‘த்ரெஷோல்ட் துடிப்பில் சதவீதம்’ என்று இரண்டு வகைக் கணக்கு மெனுவில் இருக்கும். நீங்கள் சோதித்துக் கண்டுபிடித்தது த்ரெஷோல்ட். கருவி உச்சத் துடிப்புக் கணக்கில் நின்றுகொண்டிருந்தால் எல்லா ஜோனும் தப்பாகிவிடும். த்ரெஷோல்ட் 165 என்று வைத்துக்கொண்டால், அதில் 81 முதல் 89 சதவீதம் வரை, அதாவது 134 முதல் 147 வரை, நீண்ட நேரம் நிதானமாக ஓட்டுவதற்கான இரண்டாம் ஜோன்.

இன்னும் இரண்டு பொறிகள். ஓட்டப் பயிற்சியும் செய்பவர்கள் சைக்கிளுக்கான ஜோனைத் தனியாகப் போட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஓடும்போது துடிப்பு கூடுதலாகவே இருக்கும். இரண்டாவது, எஃப்டிபியையும் உச்சத் துடிப்பையும் தானாகக் கண்டுபிடித்து மாற்றும் வசதி. ஒரு நாள் பட்டை தவறாகக் காட்டிய துடிப்பை உண்மை என்று எடுத்துக்கொண்டு எல்லா ஜோனையும் அது மாற்றிவைக்கும். எண்களை நீங்களே போட்டிருந்தால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். மாற்றத்தைச் செயலியில் செய்தீர்களா, கருவியில் செய்தீர்களா என்பதையும் நினைவில் வையுங்கள். சிங்க் ஆகி இரண்டும் தகவலைப் பரிமாறிக்கொண்டபின், இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

5. அலர்ட் வைப்பது

கார்மினில் இது ஒவ்வொரு ஆக்டிவிட்டி ப்ரொஃபைலுக்குள்ளும் தனித்தனியாக இருக்கும். ‘ரோடு’ என்ற ப்ரொஃபைலில் வைத்த அலர்ட் ‘இண்டோர்’ ப்ரொஃபைலுக்கு வராது. “நேற்று அடித்தது, இன்று அடிக்கவில்லையே” என்று யாராவது கேட்டால், முக்கால்வாசி காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அலர்ட் மூன்று வகைப்படும். குறிப்பிட்ட இடத்தில் ஒரே ஒரு முறை அடிப்பது, உதாரணமாக 500 கலோரி செலவானதும். குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப அடிப்பது, உதாரணமாக 20 நிமிடத்துக்கு ஒரு முறை. மூன்றாவது, ஒரு எல்லையைத் தாண்டும்போது அடிப்பது: ஹார்ட் ரேட், பவர், கேடன்ஸ் எல்லாம் இதில் வரும்.

முதலில் தண்ணீர் அலர்ட்டை வையுங்கள். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு முறை. எந்தச் சென்சாரும் வேண்டாம், இன்றைக்கே பலன் தெரியும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறீர்கள் என்றால் 30 நிமிடத்துக்கு ஒரு சாப்பாட்டு அலர்ட்டும் சேருங்கள். நீண்ட தூரத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட் என்பது வழக்கமான அளவு. அரை மணிக்கு ஒரு தரம் 15 முதல் 30 கிராம் வரும்படி முன்கூட்டியே பிரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், அலர்ட் அடித்ததும் யோசிக்காமல் எடுத்துச் சாப்பிடலாம். பசி வந்தபின் சாப்பிட்டால் அது காலுக்கு வந்து சேர்வதற்குள் பாதி வழி போயிருக்கும்.

அடுத்து ஹார்ட் ரேட். மேல் எல்லை மட்டும் வையுங்கள், கீழ் எல்லையை அணைத்துவிடுங்கள். இறக்கத்திலும் சிக்னலிலும் துடிப்பு இறங்கத்தான் செய்யும். அப்போதெல்லாம் ‘குறைவு’ என்று அடித்தால் நாலாவது முறையிலிருந்து எந்த அலர்ட்டையும் நீங்கள் மதிக்கமாட்டீர்கள். மேலே சொன்ன உதாரணத்தில், நிதானமான நாளுக்கு 147 என்று மேல் எல்லை வைத்தால் போதும். புதிதாகப் பயிற்சி தொடங்குபவர்களுக்கு இந்த ஒரு அலர்ட் செய்யும் உதவி மிகப் பெரியது. சுலபமாக ஓட்ட வேண்டிய நாளில் உடன் ஓட்டுபவரைத் துரத்துவதும், மேட்டைக் கண்டதும் எழுந்து மிதிப்பதும் நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்த நேரத்தில் ‘போதும், கியரைக் குறை’ என்று சொல்ல ஆள் வேண்டும்.

கேடன்ஸ் அலர்ட்டுக்கு நேர்மாறு: கீழ் எல்லை மட்டும். 70 அல்லது 75 வைத்துப் பாருங்கள். மேட்டில் கனமான கியரை முட்டியால் அழுத்தித் தள்ளும்போது எச்சரிக்கும். இந்தப் பழக்கம் சரியானதும் அதை எடுத்துவிடலாம்.

பவர் அலர்ட்டைப் பொதுவாக வைக்க வேண்டாம் என்பேன். வெளிச் சாலையில் பவர் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். பவர் இலக்கு ஒர்க்அவுட்டுக்குள் இருக்கட்டும்.

ஒரு நேரத்தில் மூன்று அலர்ட்டுக்கு மேல் வைக்காதீர்கள். எல்லாமே ஒரே மாதிரி ‘பீப்’ என்றுதான் கேட்கும், எது எதற்கு என்று திரையைக் குனிந்து பார்க்க வேண்டிவரும். சாலையில் அது ஆபத்து.

6. ஒர்க்அவுட்டை எழுதுவது

கருவியிலேயே எழுதலாம், ஆனால் சின்னத் திரையில் கண் வலிக்கும். செயலியிலோ கணினியிலோ எழுதுங்கள். பழகிவிட்டால் 10 நிமிட வேலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்விக்குப் பதில் தர வேண்டும்: எவ்வளவு நேரம், எந்த இலக்கு.

எஃப்டிபி 200 வாட் உள்ள ஒருவருக்கு ஒன்றை எழுதிப் பார்ப்போம்.

வார்ம் அப்: நேரம் போடாதீர்கள், ‘லேப் பட்டன் அழுத்தும்வரை’ என்று கொடுங்கள். இலக்கு இல்லை. வீட்டிலிருந்து அமைதியான சாலைக்கு வந்துசேர ஒரு நாள் 15 நிமிடம் ஆகும், ஒரு நாள் 25 நிமிடம் ஆகும். நேரம் போட்டுவைத்தால் போக்குவரத்தின் நடுவிலேயே இன்டர்வல் (கடினமாக மிதிக்க வேண்டிய கட்டம்) தொடங்கிவிடும்.

அடுத்து ஒரு ‘ரிபீட்’ போட்டு 3 முறை என்று கொடுங்கள். அதற்குள் இரண்டு கட்டம். முதலாவது 10 நிமிடம், 180 முதல் 200 வாட். இரண்டாவது 5 நிமிட ரெகவரி, இலக்கு இல்லாமல். ரெகவரிக்கும் வாட் இலக்கு போட்டால், ஓய்வெடுக்கும் நேரம் முழுதும் அடித்துக்கொண்டிருக்கும்.

கடைசியில் கூல் டவுன், இதுவும் லேப் பட்டன்வரை. வார்ம் அப்பும் கூல் டவுனும் சேர்த்து மொத்தம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இலக்கின் அகலத்தைப் பாருங்கள்: 20 வாட். 190 வாட்தான் வேண்டும் என்று 188–192 போட்டால் வெளிச் சாலையில் ஒருவராலும் அதற்குள் நிற்க முடியாது. சில செயலிகளில் 3 நொடி, 10 நொடி, 30 நொடிச் சராசரியை இலக்காகத் தரும் வசதி உண்டு. இருந்தால் 10 அல்லது 30 நொடியைத் தேர்ந்தெடுங்கள்.

பவர் மீட்டர் இல்லாதவர்கள் இதே ஒர்க்அவுட்டை ஹார்ட் ரேட் இலக்கோடு எழுதலாம். ஆனால் துடிப்பு உடனே ஏறாது, மிதிக்கத் தொடங்கி ஓரிரு நிமிடம் கழித்துத்தான் வந்துசேரும். அதுவரை ‘குறைவு’ என்று அடிக்கும். அதைக் கேட்டு இன்னும் பலமாக மிதித்தால், துடிப்பு வந்துசேரும்போது எல்லையைத் தாண்டியிருக்கும், மூன்றாவது சுற்றுக்குக் கால் இருக்காது. எனவே முதல் 3 நிமிடத்தை இலக்கில்லாத தனிக் கட்டமாகவும், மீதி 7 நிமிடத்தை ஹார்ட் ரேட் இலக்கோடும் எழுதுங்கள். 2 நிமிடத்துக்குக் குறைவான இன்டர்வல்களுக்கு ஹார்ட் ரேட் இலக்கே வேண்டாம். நேரத்தை மட்டும் கருவி சொல்லட்டும், எவ்வளவு பலம் என்பதை மூச்சை வைத்துத் தீர்மானியுங்கள்.

7. கருவிக்கு அனுப்புவது

செயலியில் ‘சேமி’ கொடுத்தால் மட்டும் ஒர்க்அவுட் கருவிக்குப் போகாது. கார்மின் கனெக்டில் ‘கருவிக்கு அனுப்பு’ என்பதைத் தனியாக அழுத்த வேண்டும், அல்லது நாள்காட்டியில் ஒரு தேதிக்குப் போட வேண்டும். பிறகு சிங்க். இதை முந்தைய நாள் இரவே முடித்துவிடுங்கள். விடிகாலையில் கிளம்பும் நேரத்தில் போனும் கருவியும் இணைய மறுப்பதும், சாஃப்ட்வேர் அப்டேட் ஓடத் தொடங்குவதும் சாதாரணமாக நடப்பவை. கருவியில் ஒர்க்அவுட்டைத் திறந்து, கட்டங்கள் எழுதியபடியே இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் படுங்கள்.

பயிற்சியாளர் ஃபைலாக அனுப்பினால் அது ஃபிட் (.fit) வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரெய்னர் செயலிகளுக்கான வேறு வடிவங்கள் பல கருவிகளில் திறக்காது.

8. சாலையில்

ஒர்க்அவுட் ஓடும்போது லேப் பட்டன் அந்தக் கட்டத்தை முடித்து அடுத்ததற்குத் தாவிவிடும். வழக்கம்போல ஒரு மேட்டின் அடியில் லேப் அழுத்தினால் 10 நிமிட இன்டர்வல் அங்கேயே போச்சு. ‘ஆட்டோ லேப்’ வசதியையும் அணைத்துவிடுங்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு லேப் என்று அது நடுவில் வெட்டினால், பிறகு பதிவைப் பார்க்கும்போது எது இன்டர்வல் என்றே தெரியாது. ஆட்டோ பாஸ் உங்கள் விருப்பம். அது இயங்கினால் சிக்னலில் நிற்கும்போது ஒர்க்அவுட்டின் கடிகாரமும் நிற்கும். அணைத்திருந்தால் நிற்கும் நேரமும் இன்டர்வலில் கழியும். ஊருக்குள் ஓட்டுபவர்களுக்கு அது இயங்குவதே நல்லது.

திரையில் ஒரு பக்கத்தில் நான்கு எண் போதும்: கட்டத்தில் மீதி நேரம், 3 நொடிச் சராசரிப் பவர், லேப் சராசரிப் பவர், ஹார்ட் ரேட். இவற்றில் லேப் சராசரிதான் முக்கியம். நடுவில் ஒரு வளைவுக்காக 20 நொடி மிதிக்காமல் விட்டாலும், முடிவில் சராசரி 180-க்கு மேல் இருந்தால் அந்த இன்டர்வல் சரியாகவே முடிந்தது. விட்டதைப் பிடிக்க 250 வாட்டில் பாய வேண்டியதில்லை.

இறக்கம், குறுக்குச் சந்திப்பு, பின்னால் லாரி: இந்த நேரங்களில் கருவி என்ன சொன்னாலும் அதைப் பார்க்காதீர்கள்.

9. வீட்டுக்குள் ஸ்மார்ட் ட்ரெய்னரில்

இங்கே கருவியே எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும். 190 வாட் என்றால் எந்த கியரில் மிதித்தாலும் 190 வாட் எடுத்துவிடும். இதை எர்க் மோட் என்பார்கள். கால் தளர்ந்து கேடன்ஸ் குறைந்தால், அதே வாட்டுக்காக எதிர்ப்பு கூடும், அதனால் கேடன்ஸ் இன்னும் குறையும், கடைசியில் பெடல் சுற்றவே முடியாமல் நின்றுபோகும். கட்டம் தொடங்குவதற்கு 5 நொடி முன்பே கேடன்ஸை 90-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்படியும் மாட்டிக்கொண்டால் ஒர்க்அவுட்டைப் பாஸ் செய்து, லேசாகச் சுற்றி, மறுபடி தொடங்குங்கள்.

ஜிபிஎஸ்ஸை அணைத்த இண்டோர் ப்ரொஃபைலில் ஓட்டுங்கள். ரெகவரிக்கு வாட் போடவில்லை என்று மேலே சொன்னேன். ட்ரெய்னருக்கு மட்டும் அதே ஒர்க்அவுட்டை நகல் எடுத்து, ரெகவரியில் 90 முதல் 100 வாட் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு எதிர்ப்பு வைப்பது என்று அதற்குத் தெரியாது.

10. முடித்த பிறகு

பதிவைத் திறந்து லேப்களை மட்டும் பாருங்கள். மூன்று இன்டர்வலும் 180–200க்குள் இருந்து, கடைசியிலும் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தால் அடுத்த வாரம் 12 நிமிடமாக்கலாம். மூன்றாவது மட்டும் சரிந்திருந்தால் இலக்கை 5 வாட் குறையுங்கள். மூன்றும் முதலிலிருந்தே முடியவில்லை என்றால், சோதனையில் கிடைத்த எஃப்டிபி அதிகம், அல்லது பவர் மீட்டரைக் கேலிபரேட் செய்யவில்லை.

சோதனையை 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். புது எஃப்டிபியைக் கருவியில் போட்டால் ஜோன் எல்லைகள் மாறும், எஃப்டிபி சதவீதத்திலோ ஜோனிலோ எழுதிய ஒர்க்அவுட்டுகளும் கூடவே மாறும். நேரடியாக வாட்டில் எழுதியவை, மேலே நாம் எழுதியது போல, பழைய எண்ணிலேயே நிற்கும். அவற்றையும், ஹார்ட் ரேட் அலர்ட்டின் மேல் எல்லையையும், நீங்களே போய்த் திருத்த வேண்டும்.